ஆடுகளமும் சமுதாய ஒருமையும்: கொழும்பு விளையாட்டுக் கழகங்களின் வரலாறு தரும் படிப்பினை

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் உவகை பிறத்தற்குரிய நிலைக்களன்களை நான்காக வகுத்தார். அந்நான்கனுள் விளையாட்டும் ஒன்று. சங்கச் சான்றோர் பாடல்களிலே பந்தும் கழங்கும் ஓரையும் மற்போரும் பலவிடத்துப் பேசப்படுகின்றன. விளையாட்டு மாந்தர்க்கு மகிழ்வு தருவதென்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். ஆயினும் அம்மகிழ்வு எல்லார்க்கும் ஒத்த உரிமையாய்க் கிட்டியதா, திடலினுள்ளே இறங்குதற்கு யாவர்க்கு இடமிருந்தது, யாவர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிறுத்தப்பட்டனர் என்னும் வினாக்களுக்கு விடை காண்பது வரலாற்று மாணவர் கடமையாகும். கொழும்பு மாநகரத்து விளையாட்டுக் கழகங்களின் கதையை அடிப்படையாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இத்துறையிலே ஐரோப்பிய நாடுகள் இன்று முன்னிற்கின்றன. 1975ஆம் ஆண்டிற் பிரசல்ஸ் நகரிற் கூடிய ஐரோப்பிய விளையாட்டமைச்சர்கள், ‘அனைவர்க்கும் விளையாட்டு’ என்னும் சாசனத்தை ஏற்று, விளையாட்டிற் பங்குபற்றுவது ஒவ்வொருவர்க்கும் உரிய உரிமையென அறிவித்தனர். மூன்றாண்டுகளின் பின் யுனெஸ்கோ நிறுவனமும் அவ்வழியே ஒரு சாசனத்தை வெளியிட்டது. 2015ஆம் ஆண்டு தொடக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுதோறும் விளையாட்டு வாரம் கொண்டாடப்பெற்று வருகின்றது. இவற்றை நோக்குவார், சமத்துவம் ஐரோப்பியரின் ஆடுகளத்திலே இயல்பாக முளைத்த பயிரென்று எண்ணுதல் கூடும். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே ‘அமெச்சூர்’ என்னும் சொல், பணம் பெறாது ஆடுபவன் என்ற பொருளோடு நிற்கவில்லை. படகோட்டப் போட்டிகளை நடாத்திய சங்கத்தார் கம்மியர், கைவினைஞர், உடலுழைப்புத் தொழிலாளர் ஆகியோரைத் தம் போட்டிகளிலிருந்து விலக்கி விதி செய்தனர். நாள் முழுதும் துடுப்புப் பிடித்து உழைப்பவன் கனவான்களோடு போட்டியிடலாகாது என்பதே அதன் கருத்து. வியன்னா முதலான நகரங்களிற் சில கழகங்கள் யூதரைச் சேர்க்க மறுத்தன. பெண்கள் மெய்வல்லுநர் போட்டிகளில் ஓடுவது தகாதென்று ஒலிம்பிக் அமைப்பினரே நெடுங்காலம் கருதினர்.

இங்ஙனம் விலக்கப்பட்டோர் வாளாவிருக்கவில்லை. 1893இல் ஜேர்மனியத் தொழிலாளர் தமக்கெனத் தேகப்பயிற்சிச் சம்மேளனமொன்றை நிறுவினர். 1925இற் பிராங்க்பர்ட் நகரிலே தொழிலாளர் ஒலிம்பிக் விழாவும் நடைபெற்றது. 1909இல் வியன்னாவின் யூதர் ‘ஹாக்கோவா’ என்னும் கழகத்தைத் தோற்றுவித்தனர். அக்கழகம் 1925இல் ஒஸ்திரிய நாட்டின் உதைபந்தாட்டச் சம்பியனாயிற்று. பிரான்சிலே அலிஸ் மிலியா அம்மையார் 1922இற் பாரிசில் பெண்களுக்கெனத் தனி விளையாட்டு விழா நடாத்தினார். 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கிலே மெய்வல்லுநர் போட்டிகளிற் பெண்களுக்கு முதன்முறையாக இடங்கிடைத்தது. பொதுக்கதவு அடைபட்டவிடத்து விலக்குண்டோர் தமக்கெனத் தனிவாயில் அமைத்துக் கொண்டனர் என்பது இவற்றாற் பெறப்படும். இக்கருத்தை மனத்திற் கொண்டு நம் கொழும்பு நகரை நோக்குவோம்.

இலங்கையிற் கிரிக்கெற் எனும் துடுப்பாட்டத்தை வேரூன்றச் செய்தோர் ஆங்கிலேயரே. அவர்தம் கொழும்பு கிரிக்கெற் கழகம் 1863இல் நிறுவப்பெற்றது. அக்கழகத்தில் இந்நாட்டவர்க்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. ஆயினும் பள்ளிக்கூடங்களின் வாயிலாக ஆட்டம் சுதேசிகளிடையே பரவியது. கேம்பிறிட்ஜிற் பயின்று 1876இல் இங்கு ஆசிரியராக வந்த ஆஷ்லி வோக்கர் என்பார், பின்னாளில் றோயல் கல்லூரியெனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியின் மாணவரைப் பயிற்றினார். 1879இல் அக்கடமிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்குமிடையே முதலாட்டம் காலிமுகத்திடலில் நடைபெற்றது. சென் தோமஸ் கல்லூரி அக்காலத்திற் கொட்டாஞ்சேனைக்கு அயலதாகிய முகத்துவாரத்தில் இருந்தது. அதன் மாணவர் பேரை வாவியைப் படகிற் கடந்து ஆட்டத்துக்கு வந்தனரென்பர். வகுப்பறையிற் பல இனத்துப் பிள்ளைகளும் ஒருங்கிருந்தமையால் பள்ளி அணிகளிலும் அவர்கள் ஒருங்கே ஆடினர்.

பள்ளியை நீங்கியபின் நிலைமை வேறாயிற்று. 1872இல் மலாயர் தமக்கொரு கழகம் கண்டனர். 1873இல் தோன்றிய கோல்ற்ஸ் கழகத்திற் பறங்கியர் மிக்கிருந்தனர். 1896இற் பறங்கியர் பொழுதுபோக்குக் கழகமும், 1899இற் சிங்கள விளையாட்டுக் கழகமும், அதே ஆண்டில் தமிழர் சங்கமெனப் பொருள்படும் தமிழ் யூனியன் கிரிக்கெற், மெய்வல்லுநர் கழகமும், 1908இற் சோனகர் விளையாட்டுக் கழகமும் எழுந்தன. ஆங்கிலேயர்க்கும் இலங்கையர்க்குமிடையே 1887இல் தொடங்கிய ஆண்டுப் போட்டியிலே சுதேசிகள் யாவரும் ஓரணியாய் நின்றனர்; ஏனை நாட்களில் இனத்துக்கொரு கழகமாய்ப் பிரிந்து தம்முள் மோதினர். இன்ன வகுப்பினரென்று பிரித்துரைக்க இயலாதவர் எனும் பொருள்படத் தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டு 1888இற் பிறந்த ‘நொன்டிஸ்கிறிப்ற்ஸ்’ கழகம் இவ்வகையிற் குறிப்பிடத்தக்க விதிவிலக்காகும்.

இப்பிரிவினை விளையாட்டிலிருந்து பிறந்ததன்று. 1833இல் அமைக்கப்பெற்ற சட்டநிரூபண சபையிலே உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர், ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், பறங்கியர் என இனவாரியாகவே நியமிக்கப்பட்டனர். 1889இற் கண்டிச் சிங்களவர்க்கும் சோனகர்க்கும் தனித்தனி ஆசனங்கள் சேர்க்கப்பட்டன. கழகங்கள் பலவும் எழுந்தது ஏறத்தாழ இக்காலப்பகுதியிலேயாம். ஆட்சியாளர் மக்களை எவ்வாறு எண்ணிப் பிரித்தனரோ, மக்களும் அவ்வாறே தம்மை எண்ணிப் பழகினர்; சபையிலே வரைந்த கோடு திடலிலும் விழுந்தது. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்துச் சர்வசன வாக்குரிமை வழங்கியது. சபையில் அழிந்த அக்கோடு கழகங்களின் பெயர்ப்பலகைகளில் எஞ்சி நின்றது.

ஆகவே, இனக்கழகங்கள் நாட்டுக்குக் கேடு விளைத்தன எனக் கூறி இவ்வாராய்ச்சியை முடித்துவிடலாமா? அம்முடிபு முழுதும் பொருந்தாது. ஐரோப்பியர் கழகத்தின் கதவு அடைபட்டிருந்த காலத்தில், இளைஞர்க்குத் திடலும் கருவியும் பயிற்சியும் போட்டியும் அளித்தவை இக்கழகங்களே. தமிழ் யூனியன் கழகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். பொரளைக்கு அணித்தான வனாத்தமுல்லையில் எழுந்த ‘கொழும்பு ஓவல்’ என்னும் அக்கழகத்தின் திடலில் 1945 முதல் முதற்றர ஆட்டங்கள் நடைபெறலாயின. அதன் ஆக்கத்துக்கு உழைத்தவர் பாக்கியசோதி சரவணமுத்து. 1948இல் இலங்கைக் கிரிக்கெற் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தபோது அதன் முதற்றலைவராய் விளங்கியவரும் அவரே. அவ்வாண்டு பிறட்மன் தலைமையில் இங்கிலாந்து செல்லும் வழியில் வந்திறங்கிய அவுஸ்திரேலிய அணி ஆடியதும் அத்திடலிலேயாம். அன்று இலங்கையணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழ் யூனியன் வீரர் மகாதேவன் சதாசிவம். முந்திய ஆண்டிற் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்துப் புகழ்பெற்றிருந்த அவர், பின்னர்ச் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைவரானார்.

இனத்தின் பெயரால் எழுந்த ஒரு கழகத்தின் திடல், இவ்வாறு நாட்டின் பொதுத்திடலாயிற்று. 1950ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் கழகங்களெல்லாம் போட்டியிட்டு விரும்பிய கிண்ணம் சரவணமுத்துவின் பெயரையே தாங்கியிருந்தது. 1977இல் ஓவலும் அவர் பெயர் பெற்றது. 1982 பெப்ருவரியில் இலங்கை தன் முதலாவது ரெஸ்ற் ஆட்டத்தை இங்கிலாந்துக்கெதிராக ஆடியதும், 1985இல் இந்தியாவை வென்று முதல் ரெஸ்ற் வெற்றியை ஈட்டியதும் அத்திடலிலேயே. தனிவாயில் பொதுமன்றத்துக்கு இட்டுச் செல்லுதலும் உண்டென்பது இதனால் விளங்கும்.

எனினும் இனக்கழகம் தன் இனத்தார் யாவரையும் ஒப்ப அணைத்துக்கொள்ளும் என்று கொள்வதற்கில்லை. இதனைத் தெளிவுறக் காட்டுவது பம்பாயின் வரலாறு. அந்நகரிலே ஐரோப்பியரும் பார்சிகளும் ஆடிவந்த போட்டி, 1907இல் இந்துக்களும் சேர்ந்து மும்முனைப் போட்டியாகவும், 1912இல் முஸ்லிம்களும் சேர்ந்து நான்முனைப் போட்டியாகவும் விரிந்தது. இந்து அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு. அவர் தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்ட தோற்றொழிலாளர் குலத்திற் பிறந்தவர். பூனாவில் ஐரோப்பியரின் கழகத்திலே மாதம் நான்கு ரூபா கூலிக்குத் திடலைச் செப்பனிட்டு, பயிற்சி வலையில் அதிகாரிகளுக்குப் பந்துவீசி வந்தார். அவர் ஆற்றலையறிந்து பூனா இந்துக்கள் அவரைத் தம்மணியிற் சேர்த்தனர். ஆயினும் ஆட்டத்தின் இடைவேளையிலே ஏனையோர் மண்டபத்தினுள்ளே பீங்கானிற் தேநீர் பருக, பாலுவுக்கு வெளியே மட்கலத்திற் கொடுக்கப்பட்டது. அவர் கை தொட்ட பந்தை யாவரும் தொட்டனர். அவர் கை தொட்ட பாத்திரத்தைத் தொட அஞ்சினர்.

1906இல் இந்துக்கள் ஐரோப்பியரை வென்றபோது அவ்வெற்றிக்குப் பெருந்துணையாய் நின்றவர் பாலு. 1911இல் இங்கிலாந்து சென்ற அகில இந்திய அணியிலே நூற்றுக்கு மேற்பட்ட விக்கெற்றுகளை வீழ்த்தினார். எனினும் இந்து அணியின் தலைமைப் பதவி ஒருபோதும் அவர்க்கு அளிக்கப்படவில்லை. நெடிய வாதப் பிரதிவாதங்களின் பின், 1923இல் அவர் தம்பி விதல் அப்பதவியைப் பெற்றார். சமயவாரியான இப்போட்டிகளைக் காந்தியடிகள் 1940இற் கண்டித்தார். 1946இல் அவை நின்றொழிந்தன. அயலார் நம்மை விலக்குவதைக் குறைகூறி எழுப்பிய கழகத்தினுள்ளே நாமே பிறரை விலக்கினோமாயின், அக்கழகத்தின் அறம் யாது? பாலுவின் வாழ்க்கை நம்மை நோக்கி எழுப்பும் வினா இதுவே.

ஈழத்துத் தமிழராகிய நாம் இவ்வினாவை அயல்நாட்டார் கதையென ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடுப்பதற்கு 1957இற் சட்டமொன்று வேண்டியிருந்தது. கோயில் வாயிலிலும் தேநீர்க் கடையிலும் கிணற்றடியிலும் நிலவிய சாதிவேற்றுமை கிராமத்துத் திடலை மட்டும் தீண்டாது விட்டிருக்குமென்று கருதுவார் யார்? ஊர்க்கழகங்கள் பல குறிச்சிவாரியாகவும், குறிச்சி சாதிவாரியாகவும் அமைந்தமை நாம் கண்டறிந்த உண்மை. மலையகத் தமிழரின் நிலை வேறொரு வகையிற் கொடிதாயிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. நாட்டின் உறுப்பினராகவே எண்ணப்படாதார்க்கு நாட்டின் கழகங்களிற் கிடைக்கும் இடம் எத்துணைத்தென்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய தடைகளுக்கிடையேயும் ஆற்றல் மிக்கார் சிலர் வெளிப்போந்தனர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இற் றோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 6 அடி 8 அங்குலம் உயரம் பாய்ந்து, அவ்விழாவில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கம் ஈட்டினார். கண்டியில் மலையகத் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்து கட்டுகஸ்தோட்டைச் சென் அந்தனிஸ் கல்லூரியிற் பயின்ற முத்தையா முரளிதரன், தமிழ் யூனியன் கழகத்திற்கு ஆடியவர். 2010இற் காலித் திடலிலே தம் 800ஆவது ரெஸ்ற் விக்கெற்றை வீழ்த்தி உலகோர் வியக்க ஓய்வுபெற்றார். குருநாகல் தந்த சிங்கள வீரர் ரங்கன ஹேரத் சோனகர் கழகத்துக்கும் பின்னர்த் தமிழ் யூனியனுக்கும் ஆடி, 433 ரெஸ்ற் விக்கெற்றுகள் பெற்றார். இனப்பெயர் பூண்ட கழகங்கள் இன்று இனம் நோக்காது வீரரைச் சேர்க்கின்றன. பெயர் பழைய வரலாற்றின் எச்சமாக நிற்க, பொருள் மாறிவிட்டது. இது மகிழ்தற்குரியது.

ஆயினும் ஒருவர் சிகரமேறினார் என்பதுகொண்டு மலையடிவாரத்தில் உள்ளோர்க்கெல்லாம் பாதை திறந்துவிட்டதென்று துணிதல் பிழையாம். பண்டை நாளிலே பிள்ளையைத் தடுத்தது இனமும் சாதியும். நம் காலத்திலே அவற்றோடு நிலமும் பணமும் சேர்ந்து தடுக்கின்றன. வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகள் புகையிரதப் பாதையில் முடிகின்றன. முற்றமும் மாமரமும் கொண்டிருந்த வீடுகள் பல தொடர்மாடிகளாகிவிட்டன. அங்கே வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பந்தெறிதற்கு வாகனத் தரிப்பிடத்தைத் தவிர வேறிடம் அரிது. கொட்டாஞ்சேனைப் பகுதியிலே சுகததாச விளையாட்டரங்கு உண்டு. 1991ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டு விழா முதலான பெருவிழாக்கள் அங்கு நிகழ்ந்தன. அவ்வரங்கின் அயலிலே நெருங்கிய குடியிருப்புகளில் வாழும் சிறுவர் சந்தியிலும் ஒழுங்கையிலும் மென்பந்து கொண்டே ஆடுகின்றனர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே ஆட்டத்திற் கலந்து ஆடும் அவ்வொழுங்கைக்குக் கழகப் பெயருமில்லை, கிண்ணமுமில்லை. ஆனால் வன்பந்தாட்டத்துக்கு வேண்டும் மட்டையும் காலுறையும் கையுறையும் வாங்குதற்கும் பயிற்றுநர்க்குக் கொடுத்தற்கும் பொருளில்லாத அச்சிறுவரின் ஆற்றல் பெரும்பாலும் அவ்வொழுங்கையிலேயே முடிந்துவிடுகின்றது.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. யாழ்ப்பாணத்திற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் வலைப்பந்தாட்டத்தில் இலங்கை ஆசியச் சம்பியனாதற்குப் பெருங்காரணமாய் விளங்கினார். அவர் புகழைப் பேசி மகிழும் நம் இல்லங்களிலேயே, பருவமெய்திய மகள் திடலுக்குச் செல்வதை விரும்பாப் பெற்றோர் பலராவர். அவர்தம் அச்சம் பெரும்பாலும் திடலைப் பற்றியதன்று. போகும் வழியையும், வரும் நேரத்தையும், உடை மாற்ற ஓரிடம் இல்லாமையையும் பற்றியது. அவ்வச்சத்தை நீக்குதல் அறிவுரையால் ஆகாது. காவலும் வசதியும் அமைத்துக் கொடுத்தலே தகும்.

ஐரோப்பிய நாடுகளிடம் நாம் கற்றற்குரியது இங்கேதான் உளது. நோர்வே நாட்டில் 1967இல் ‘டிறிம்’ என்னும் இயக்கம் தொடங்கப்பெற்றபோது, அதனை நடாத்தியோர் வீரரைத் தேடவில்லை. முன்னர் விளையாடாதிருந்த இல்லத்தரசியரையும் தொழிலாளரையும் முதியோரையும் தேடினர். பொஸ்னியாவில் உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின், 1998இல் டென்மார்க்கினர் துணையோடு சிறுவர்க்குரிய உதைபந்தாட்டப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. முன்னாளிற் பகைத்து நின்ற ஊர்களின் பிள்ளைகளை ஓரணியிற் கலந்து ஆடச்செய்தமை அவற்றின் சிறப்பு. ஊருக்கோரணியாய்ப் பிரித்து மோதவிட்டிருப்பின் பழம்பகை திடலுக்கு இடம்பெயர்ந்திருக்குமேயன்றித் தணிந்திராது. போரின் வடுவைச் சுமக்கும் நம் நாட்டிலும் 2012இல் முரளிதரன் பெயராலான நல்லிணக்கக் கிண்ணப் போட்டி வடமாகாணத்திலே தொடங்கப்பெற்று, தென்னிலங்கைப் பாடசாலை அணிகள் வடக்கிலே சென்று ஆடின. அத்தகைய முயற்சிகள் விழாவாக முடியாது வழக்கமாதல் வேண்டும்.

1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் தேசிய சங்கங்களை ஒழுங்குபடுத்துதற்கு வழிவகுத்தது. திடலற்ற ஒழுங்கையிலே ஆடும் பிள்ளையைத் தேடிச் செல்லுதல் சட்டத்தாற் கூடுவதன்று. அக்கடன் கல்லூரிகளையும் பழைய மாணவர் சங்கங்களையும் கழகங்களையும் சார்ந்தது. மாலை நான்கு மணிக்குப் பின் பூட்டிக்கிடக்கும் பாடசாலைத் திடல்கள் வாரத்தில் இருநாளாவது அயலிலுள்ள பிள்ளைகளுக்குத் திறக்கப்படலாம். பதினொருவர் அணிக்காக வாங்கிய கருவிகளை அணியிற் சேராத நூற்றுவரும் எடுத்தாள விடலாம். ஆண்டு விளையாட்டுப் போட்டியிலே வென்றோர்க்குப் பரிசளிக்கும் நாம், அவ்வாண்டு முதன்முறையாகத் திடலிலிறங்கினோர் எத்துணைப் பேர் என்றும் கணக்கெடுத்து அறிக்கையிற் பதியலாம். உடற்குறையுள்ள பிள்ளையை எண்ணெழுதும் மேசையில் இருத்திவிடாது, அப்பிள்ளைக்கேற்ற ஆட்டத்தை வகுத்துக் கொடுக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை, உளம் வேண்டும்.

இந்துக் கல்லூரிகளும் ஒரு காலத்தில் தனிவாயில்களாகவே எழுந்தன என்பதை நாம் மறத்தலாகாது. மதம் மாறாமற் கல்வி பெறுதற்கு வழியின்றி நின்ற சைவப் பிள்ளைகளுக்காக நம் பெரியோர் அவற்றை அமைத்தனர். வெளியே நிறுத்தப்படுதலின் துயரத்தை அறிந்தோர் கட்டிய மனைகள் இவை. அம்மனைகளின் திடல்களிலே வெளியே நிறுத்தப்படும் பிள்ளை ஒன்றேனும் இருக்குமாயின், அவற்றைக் கட்டியோரின் நோக்கம் இன்னும் நிறைவுறவில்லை என்றே கொள்ளவேண்டும். ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் தத்தம் கல்லூரித் திடலை மாலைவேளையில் ஒருமுறை சென்று நோக்குவாராக. வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் பிள்ளைகளை உள்ளே அழைப்பாராக.